சோமாவின் பெயரை எப்படிச் சொல்வது?

டார்ஜிலிங்கின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஹங்கேரியரின் கல்லறை இருக்கிறது. 1784இல் டிரான்சில்வேனியாவில் பிறந்தவர். தன் இனத்தின் பூர்வீகம் ஆசியாவில்தான் என்று நம்பி, அதைத் தேடிக் கிழக்கே கிளம்பினார். லடாக் பக்கத்து மடங்களின் குளிரில் உட்கார்ந்து திபெத்திய மொழி படித்தார். 1834இல் கல்கத்தாவில் அவருடைய திபெத்திய–ஆங்கில அகராதி வெளிவந்தது. 1842இல் லாசாவுக்குப் போகும் வழியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். பூர்வீகம் கிடைக்கவில்லை. உலகத்துக்குத் திபெத்தியவியல் என்றொரு படிப்பு கிடைத்தது.

இந்திய நூல்களில் அவர் அலெக்சாண்டர் சோமா. அவர் மொழியில் ஊர் முதலில், குடும்பப் பெயர் அடுத்து, இட்ட பெயர் கடைசியில்: கேரெஷி ச்சொம ஷாந்தொர். ஹங்கேரிய எழுத்துகளைப் பழக விரும்புகிறவருக்கு இந்த ஒரு பெயரே பாதிப் பாடம். ஆங்கிலம் வழியாகவே லத்தீன் எழுத்தைக் கற்ற நம் கண் எங்கெல்லாம் வழுக்குமோ, அங்கெல்லாம் இந்தப் பெயரில் ஓர் எழுத்து காத்திருக்கிறது.

முதலில் எஸ். இந்தப் பெயரில் தனி எஸ் இரண்டு முறை வருகிறது, இரண்டு முறையும் ‘ஷ’. ஹங்கேரியத்தில் எஸ் என்றால் எப்போதும் ‘ஷ’தான். நம் ‘ஸ’ வேண்டுமானால் எஸ்ஸுக்குப் பின்னால் ஓர் இசட் சேர்க்க வேண்டும். வடக்கே போலந்தில் இதுவே தலைகீழ்: தனி எஸ் ‘ஸ’, எஸ்-இசட் ‘ஷ’. ஆக ஹங்கேரியின் தலைநகரம் ‘பெஷ்த்’ என்றுதான் முடியும். கணித மேதை எர்டோஸ் உண்மையில் ‘எர்தேஷ்’. இசையமைப்பாளர் லிஸ்ட்டின் பெயரில் எஸ்-இசட் இருப்பதால்தான் அவர் ‘லிஷ்த்’ ஆகாமல் பிழைத்தார். 2002இல் இலக்கிய நோபல் வாங்கிய கெர்த்தேஸ், 2025இல் வாங்கிய கிரஸ்னஹோர்கை, அணுத்தொடர்வினையை முதலில் எண்ணிப் பார்த்த சிலார்த், பால்பாயின்ட் பேனாவுக்குத் தன் பெயரையே கொடுத்த பீரோ லாஸ்லோ, எல்லார் பெயரிலும் இந்த எஸ்-இசட் உண்டு.

சோமாவின் ‘சோ’வில் இருப்பது சி-எஸ். ‘பச்சை’யில் கேட்கிற அழுத்தமான ‘ச்’ அது. சொல்லின் தொடக்கத்து ச-வை ‘ஸ’ போலச் சொல்லிப் பழகிய நாம் தமிழில் எழுதும்போது அதைக் கோட்டை விட்டுவிடுகிறோம். தனி சி என்றால் ‘த்ஸ்’. இசட்-எஸ் என்றால் ஆங்கிலத்தில் ‘மெஷர்’, ‘விஷன்’ சொற்களின் நடுவே தொண்டை அதிர வரும் ஒலி. இவ்வளவுதான் விஷயம். ஒரு மாலைப்பொழுதில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் எஸ்ஸைப் பார்த்ததும் ‘ஸ’ என்று ஓடும் கண்ணைத் தடுக்க மாதங்கள் ஆகும்.

இப்படியொரு ஏற்பாடு ஏன் வந்தது? கி.பி. 1000 வாக்கில் ஹங்கேரி கிறிஸ்தவ அரசானபோது லத்தீன் எழுத்தும் கூடவே வந்தது. லத்தீனில் ‘ஷ’ கிடையாது, ‘ச்’ கிடையாது, ‘ஞ’ கிடையாது, உதடு குவித்துச் சொல்லும் முன்னுயிர்களும் கிடையாது. மொழியின் ஒலிகள் கூடுதல், கையிலிருந்த எழுத்துகள் குறைவு. எழுதுகிறவர்கள் அவரவர் யுக்திப்படி சமாளித்தார்கள். 1055இல் எழுதப்பட்ட திஹன்ய் மடத்தின் சாசனம் லத்தீனில் உள்ளது. நில எல்லை சொல்லுமிடத்தில் மட்டும் ‘ஃபெஹேர்வாருக்குப் போகும் படைவழி’ என்று ஹங்கேரியத்தில் ஒரு துணுக்கு வருகிறது. ஹங்கேரிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அது ஒன்று. அதில் ‘வ’ ஒலிக்கு இரண்டு யு-வை அடுத்தடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பிறகு இரண்டு வழிகள் தெளிந்தன. அரசவை எழுத்தர்கள் இரண்டு எழுத்தைச் சேர்த்து ஓர் ஒலி ஆக்கினார்கள். 15ஆம் நூற்றாண்டில் விவிலியத்தை மொழிபெயர்த்த ஹுஸ் மதப்பிரிவினர் எழுத்தின் மேல் குறியிட்டுப் புது ஒலி ஆக்கினார்கள். இன்றைய ஹங்கேரியத்தில் இரண்டும் உண்டு: மெய்களுக்குச் சேர்க்கை, உயிர்களுக்குக் குறி. நடுவில் மதச்சண்டை எழுத்திலும் புகுந்தது. ‘ச்’ ஒலிக்குக் கத்தோலிக்கர்கள் சி-எஸ் எழுத, புரட்டஸ்தாந்துகள் டி-எஸ் எழுதினார்கள். ஒருவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பதை அவர் எழுத்துக்கூட்டலே காட்டிக்கொடுத்த காலம் அது.

சேர்க்கை எழுத்துகளை ஹங்கேரியர்கள் இரண்டாக எண்ணுவதில்லை. சி-எஸ் ஒரே எழுத்து. நெடுங்கணக்கில் அதற்குத் தனி இடம் உண்டு. அகராதியில் சர்க்கரையைக் குறிக்கும் ‘த்ஸுகொர்’ முந்தி வரும். அதற்கு அப்புறம்தான் சி-எஸ்ஸில் தொடங்கும் சொற்கள் எல்லாம் வரும். ஆங்கில வரிசையில் தேடுகிறவர் சொல்லே இல்லை என்று மூடி வைத்துவிடுவார். ஹங்கேரிய ஸ்க்ராபிள் ஆட்டத்தில் சி-எஸ்ஸுக்கு ஒரே கட்டை. டி-இசட், டி-இசட்-எஸ் என்ற இரண்டும் 1984இன் எழுத்து விதிகளில்தான் முறையாகத் தனி எழுத்து ஆயின. ‘ஜாம்’ என்று நாம் ஒற்றை எழுத்தில் தொடங்குவதை அவர்கள் மூன்று குறியால் எழுதுகிறார்கள், ஆனாலும் அது ஓர் எழுத்துதான். இப்படி எண்ணினால் மொத்தம் 40. பிறமொழிச் சொற்களிலும் பழைய குடும்பப் பெயர்களிலும் மட்டும் எட்டிப்பார்க்கும் க்யூ, டபிள்யூ, எக்ஸ், ஒய் நான்கையும் சேர்த்தால் 44.

இந்த 40இல் 14 உயிர்கள். இங்கேதான் தமிழர் காதுக்கு ஒரு சலுகை காத்திருக்கிறது. 14இல் ஏழு குறில், ஏழு நெடில். மேலே ஒரு சாய்கோடு இருந்தால் நெடில் என்று அர்த்தம். ‘கொர்’ என்றால் வயது அல்லது காலம், ‘கோர்’ என்றால் நோய். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவருக்கு இந்த வேறுபாடு பெரும்பாடு. அவருக்கு அசையில் அழுத்தம் விழுந்தால் உயிர் நீளும், விழாவிட்டால் மங்கிப்போகும். ஹங்கேரியத்தில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில். நீளம் எங்கு வேண்டுமானாலும் வரலாம். சோமாவின் ‘ஷாந்தொர்’ முதலசையில் நெடில் கொண்டது. ‘லாஸ்லோ’வில் அழுத்தமில்லாத கடைசி அசையும் நெடில்தான். அதைக் குறுக்கினால் பிழை. ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று பள்ளியிலேயே படித்த நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. மெய்யிலும் அப்படியே: ‘தொல்’ என்றால் தள்ளு, ‘தொல்ல்’ என்று ‘ல்’ ஒலியை நிறுத்திச் சொன்னால் இறகு, பேனா.

அசை நீளத்தை இவ்வளவு கறாராகக் காப்பதால்தான் கிரேக்க, லத்தீன் அளவடிகளை ஹங்கேரியத்தில் அப்படியே பாட முடிந்தது. 1825இல் வெரெஷ்மர்த்தி தன் ‘ஸலான் ஃபுதாஷ’ காவியத்தை ஹோமரின் அடியில்தான் எழுதினார். குறில், நெடில், ஒற்று இவற்றை வைத்து நேர், நிரை பிரிக்கும் நம் யாப்புக்காரர்கள் அந்தக் கணக்கைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். (இதை வைத்து உறவு கொண்டாடத் தேவையில்லை. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளைச் ‘சிதிய’ மொழிகள் என்ற பெருங்கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார், அதில் ஹங்கேரியமும் அடக்கம். இன்றைய மொழியியல் அதை ஏற்பதில்லை. ஹங்கேரியத்தின் நெருங்கிய சொந்தங்கள் மேற்கு சைபீரியாவில் ஓப் ஆற்றுப் பக்கம் பேசப்படும் ஹந்தி, மன்சி மொழிகள்.)

சலுகை எல்லா உயிருக்கும் செல்லாது. கோடில்லாத ஏ-யும் கோடிட்ட ஏ-யும் வெறும் குறில்-நெடில் இணை கிடையாது. கோடிட்டது நம் ‘ஆ’. கோடில்லாததற்கு உதட்டை ‘ஒ’-வுக்குப் போலக் கொஞ்சம் குவித்துக்கொண்டு வாயை ‘அ’-வுக்குத் திறக்க வேண்டும். சோமாவின் கடைசி எழுத்து அதுதான். நான் மேலே ‘ச்சொம’ என்று எழுதியதை ‘ச்சொமொ’ என்று எழுதியிருந்தாலும் தப்பில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது அது.

மீதி இருப்பவை புள்ளியும் கோடும் தலையில் சுமந்த ஓ-வும் யு-வும். இரண்டு புள்ளி இட்டால் குறில். புள்ளிகளுக்குப் பதில் இரட்டைச் சாய்கோடு இட்டால் நெடில். சோமாவின் ஊர்ப்பெயரில் ஓ-வின் இந்த இரண்டு வடிவமும் வருகின்றன, முதலில் நெடில், அடுத்து குறில். தமிழில் ‘கே’, ‘ரெ’ என்று எழுதுவதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் ‘ஏ’ சொல்லும்போது உதடு ‘ஓ’-வுக்குக் குவிந்திருக்க வேண்டும். அதேபோல் புள்ளியிட்ட யு என்பது ‘இ’-யின் நாக்கும் ‘உ’-வின் உதடும்.

தொல்காப்பியத்தின் பிறப்பியல் உயிர்களைப் பிரிக்கிற விதத்தை இங்கே நினைத்துக்கொண்டால் வேலை சுலபமாகும். இ, ஈ, எ, ஏ, ஐ பிறக்கும்போது நாவிளிம்பு மேற்பல்லைத் தொடும். உ, ஊ, ஒ, ஓ, ஔ பிறக்கும்போது இதழ் குவியும். இது துல்லியமான கவனிப்பு, உலகத்தின் பெரும்பாலான மொழிகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். நாக்கு முன்னே போனால் உதடு விரிகிறது, பின்னே போனால் குவிகிறது. இரண்டும் சேர்ந்தே நகர்ந்து பழகியவை. ஹங்கேரியம் இந்தச் சேர்க்கையைப் பிரித்து, ஒன்றின் நாக்கை மற்றொன்றின் உதட்டோடு இணைக்கிறது.

தமிழிலும் அந்தப் பிரிவினை உண்டு, எதிர்த்திசையில். ‘காசு’, ‘பாட்டு’ சொற்களின் கடைசி உகரத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். உதடு குவியவில்லை. நாக்கு உ-வின் இடத்தில் இருக்க, உதடு மட்டும் தளர்ந்துவிடுகிறது. அதுதான் குற்றியலுகரம். ‘பசு’வில் குவிகிற உதடு ‘காசு’வில் குவியாமல் இருப்பதை யாரும் சொல்லித்தராமலே நாம் செய்கிறோம். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் மாற்றும் திறமை நம்மிடம் இருக்கிறது. அதை இகரத்தில் காட்ட வேண்டும். ‘ஈ…’ என்று நீட்டுங்கள், நாக்கை ஆணியடித்ததுபோல் நிறுத்துங்கள், சீழ்க்கை அடிப்பதற்கு உதட்டைக் குவியுங்கள். வருவதுதான் இரட்டைக்கோட்டு யு. பழக்கதோஷத்தால் நாக்கு பின்னால் நழுவினால் ‘யூ’ என்று கேட்கும். அப்போது மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

உதடு குவிந்தால் ஒலி ஏன் மாறுகிறது? வாய் ஒரு குழாய். தொண்டையில் எழும் அதிர்வில் சில அலைவரிசைகளைக் குழாய் பெருக்குகிறது, சிலவற்றை அமுக்குகிறது. ‘இ’ சொல்லும்போது நாக்கு முன்னேறி, அதற்கு முன்னால் சின்ன அறைதான் மிஞ்சுகிறது. அதனால் இரண்டாவது ஒத்ததிர்வு ஆண் குரலில் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகிறது. ‘உ’-வில் அது 1000க்கும் கீழே. ‘இ’-யின் நாக்கை அப்படியே வைத்து உதட்டைக் குவித்தால் முன்னறை கொஞ்சம் நீள்கிறது, வாசல் சுருங்குகிறது, ஒத்ததிர்வு இறங்கி நடுவில் நிற்கிறது. காது அதைத்தான் புது உயிராகக் கேட்கிறது. குரல் ஒரு குழாய் வேலை என்பதை இயந்திரத்தால் முதலில் காட்டியவர்களில் ஒருவர் ஹங்கேரி மண்ணின் கெம்பெலென் ஃபர்கஷ். சதுரங்கம் ஆடும் ‘துருக்கியன்’ பொம்மையைச் செய்து ஐரோப்பாவை ஏமாற்றினாரே, அவரேதான். நுரையீரலுக்குத் துருத்தி, குரல்நாணுக்கு நாணல் தகடு, வாய்க்கு ஒரு புனல். புனலின் முன் உள்ளங்கையை மூடித் திறந்து அவர் உயிரொலிகளை வரவழைத்தார். 1791இல் இதைப் பற்றி எழுதிய நூல் ஒலியியலின் முன்னோடிகளில் ஒன்று. பொம்மைக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இந்த வேலைக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை.

வளர்ந்தவர் காது இந்த ஒலியில் தடுமாறுவதற்குச் சோம்பல் காரணமில்லை. 1992இல் பட்ரிசியா கூலும் சக ஆய்வாளர்களும் ஆறு மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். அமெரிக்கக் குழந்தைகள், சுவீடன் குழந்தைகள். ஒலிகள் இரண்டு: ஆங்கில ஈகாரம், சுவீடன் மொழியின் உதடு குவிந்த ஈகாரம். ஒவ்வொரு குழுவின் காதும் தன் மொழியின் உயிரைச் சுற்றியிருந்த சிறு மாறுபாடுகளை ஒரே ஒலியாகச் சேர்த்துக்கொண்டது. அயல்மொழி உயிரிடம் அப்படிச் செய்யவில்லை. அதாவது பேச்சு வருமுன்பே காது வரைபடம் போட்டுவிடுகிறது. அதில் இல்லாத ஊருக்கு நாற்பது வயதில் வழி தேடுவது சிரமம்தான்.

இவ்வளவு பாடுபட்டு இந்த உயிர்களைப் பிடிக்காமல் ‘ஓ’, ‘ஊ’ என்றே சொல்லிவிட்டுப் போனால் என்ன? பொருள் குழம்பும் என்பது ஒன்று: புள்ளியிட்ட குறில் ஓ-வில் தொடங்கும் ‘எருல்’ மகிழ்வதைக் குறிக்கும், அதையே நெடிலாக்கினால் பைத்தியம் பிடிப்பதைக் குறிக்கும். இன்னொன்று விகுதி. ஹங்கேரியத்தில் வேற்றுமை உருபு சொல்லின் உயிரைப் பார்த்துத் தன் உயிரை மாற்றிக்கொள்ளும். வீட்டில் என்பதற்கு உருபு ‘பன்’, தோட்டத்தில் என்பதற்கு அதே உருபு ‘பென்’. ‘இடம்’ என்ற பொருளில் வரும் இன்னொரு உருபுக்கு மூன்று வடிவம் உண்டு: பின்னுயிர்ச் சொல்லுக்கு ஒன்று, முன்னுயிர்ச் சொல்லுக்கு ஒன்று, உதடு குவிந்த முன்னுயிர்ச் சொல்லுக்கு ஒன்று. உயிரைத் தவறாகச் சொன்னால் உருபும் சேர்ந்து அபஸ்வரம் ஆகும்.

இரட்டைச் சாய்கோடு கணினிக்காரர்களையும் படுத்திவைத்தது. மேற்கு ஐரோப்பாவுக்கான பழைய எழுத்துக் குறியீட்டுத் தொகுதியில் அதற்கு இடமே இல்லை. இரட்டைக்கோட்டு ஓ-வுக்குப் பதில் போர்த்துகீசியரின் அலைக்கோட்டு ஓ வந்து உட்கார்ந்தது, யு-வுக்குப் பதில் பிரெஞ்சுக்காரர்களின் கூரை வைத்த யு. மென்பொருள் ஹங்கேரியத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அவர்கள் ஒரு தொடர் வைத்திருக்கிறார்கள்: ‘வெள்ளம் தாங்கும் கண்ணாடித் துளைப்பான்’. அப்படியொரு கருவி எந்தக் கடையிலும் கிடைக்காது. குறியிட்ட ஒன்பது உயிர்களும் அந்த இரண்டு சொற்களுக்குள் ஒரே ஒரு முறை வருகின்றன என்பதே அதன் உபயோகம்.

மெய்களில் ஒய் சேர்ந்தவை தனிக் குடும்பம். என்-ஒய் நம் ‘ஞ’, ‘ஞாயிறு’ சொல்ல வருகிறவருக்கு அது சும்மா வரும். ஜி-ஒய், டி-ஒய் இரண்டுக்கும் அதே இடத்தில் நாக்கை வைக்க வேண்டும்: நுனிநா கீழ்ப்பல்லின் பின்னால் ஓய்ந்திருக்க, நடுநா அண்ணத்தில் ஒட்டி விடுபடும். ‘ஞ’ சொல்லத் தயாராகி, மூக்கின் வழியை அடைத்துவிட்டால் ஜி-ஒய் வந்துவிடும். ஹங்கேரியர் தம்மைக் குறிக்கும் சொல்லை ஜி-யைப் பார்த்து ‘மாக்யார்’ என்று எழுதுகிறோமே, அந்தச் சொல்லின் நடுவில் இருப்பது இந்த ஒலி. அதில் ‘க்’ துளியும் இல்லை. அது வெடிப்பொலியா, ச-வைப் போல உரசி விடுபடும் ஒலியா என்று ஒலியியலாளர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். எல்-ஒய்யில் மட்டும் எல் ஊமை, இசைமேதை கொதாயின் பெயரில் கடைசியில் கேட்பது ‘ய்’தான். முன்பு அது தனி ஒலி. வடக்கே பலோத்ஸ் வட்டார வழக்கில் மட்டும் தங்கிப்போனது. மற்றவர்கள் எங்கே ஜே, எங்கே எல்-ஒய் என்று மனப்பாடம் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் ழகர ளகரத்துக்குப் படும் பாட்டை அந்தப் பிள்ளைகளும் படுகிறார்கள்.

தமிழ் நாக்குக்கு உண்மையான பொறி வேறொரு இடத்தில், யாரும் எதிர்பாராத எளிய எழுத்துகளில் இருக்கிறது. தந்தையை ஹங்கேரியத்தில் அழைக்கும் சொல்லில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றை ‘ப்’ வருகிறது. நாம் அதை ‘அபா’ என்று அதிர்வோடு சொல்வோம், இல்லையென்றால் ‘அப்பா’ என்று இரட்டிப்போம். நம் மொழியில் உயிர்களுக்கு நடுவே தனித்த வல்லினம் மெலிந்து அதிரும், இரட்டித்தால்தான் வன்மை காக்கும். ஒற்றையாகவும் இருக்க வேண்டும், அதிராமலும் இருக்க வேண்டும் என்றால் நமக்குக் கை ஒடிந்த மாதிரி. அதிர்வு அங்கே பொருளை மாற்றும்: ‘தேல்’ என்பதன் முதலொலி அதிர்ந்தால் நண்பகல், அதிராவிட்டால் குளிர்காலம். ஆங்கிலேயர்கள் ப, த, க-வை மூச்சுக்காற்றோடு ஊதிச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நாம் மாட்டிக்கொள்வது இங்கே.

எழுதியபடி வாசி என்ற வாக்குறுதியை ஹங்கேரியம் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. மீறும் இடங்களும் உண்டு. ‘ஒன்று’ என்பதற்கான சொல்லில் ஜி-ஒய் ஒற்றையாக எழுதப்பட்டு இரட்டையாக ஒலிக்கும். நாட்டுப்பாடலைக் குறிக்கும் ‘நேப்தல்’ சொல்லில் அடுத்து வரும் அதிரும் ஒலி ‘ப்’பையும் அதிரவைக்கும், எழுத்து மாறாது. நாம் புணர்ச்சியை எழுதிக் காட்டுகிறோம், பல் பொடியோடு சேர்ந்தால் பற்பொடி. அவர்கள் பெரும்பாலும் பகுதியையும் விகுதியையும் பிரித்துக் காட்டவே விரும்பினார்கள். இந்த முடிவுக்கு வர 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புலவர் போர் நடந்தது. ‘அவன் பார்க்கிறான்’ என்னும் பொருள்பட வரும் வினையில் டி-யும் ஜே-யும் சேர்ந்து ஒரே ஒலியாகிவிடும். காதில் விழுவதை ஒய் போட்டு எழுது என்றார் வெர்ஷெகி. சொல்லின் உறுப்புகள் தெரிய ஜே போட்டே எழுது என்றார் ரேவை. இரு அணியும் வசை மாறி வசை பாடின. 1832இல் ஹங்கேரிய அகாடமியின் முதல் விதிநூல் ரேவை பக்கம் தீர்ப்பளித்தது. இன்றும் ஜே-தான் எழுதுகிறார்கள், ஒய் ஒலியைத்தான் சொல்கிறார்கள்.

விதிகள் எவ்வளவு திருத்தப்பட்டாலும் குடும்பப் பெயர்களைத் தொடவில்லை. சி-இசட் வழக்கொழிந்து நாளாயிற்று, ராகோத்ஸியின் பெயரில் அப்படியே இருக்கிறது. கொஷ்ஷுத் பெயரின் கடைசி எச்சுக்கு ஒலி இல்லை. அகாடமி தொடங்கத் தன் ஓராண்டு வருமானத்தைக் கொடுத்த சேசெஞியின் பெயரில் ‘ச்’ ஒலிக்கு ஆங்கிலம்போல சி-எச் நிற்கிறது. புடாபெஸ்ட்டின் பெரிய பல்கலைக்கழகத்துக்கு முறுக்குத் தராசு செய்த இயற்பியலாளர் எத்வெஷ் லோராந்தின் பெயர். அதை இ-ஓ என்று தொடங்குகிறார்கள், அதிலும் ஓ-வின் மேல் இரண்டு புள்ளி. நெடுங்கணக்கைச் சுத்தமாகப் படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் இரண்டு உயிராகக் கூட்டி ‘எ-எத்வெஷ்’ என்று வாசிப்பார். அந்த இ வெறும் பழைய அலங்காரம், ஒலிப்பது புள்ளியிட்ட ஓ மட்டும்.